வெர்னா டாக்கெட்டின் சந்தேகங்கள்

தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி மெர்ல் டாக்கெட் கேட்டபோது வெர்னா முதலில் கேட்டது, "உன்னை யாரு அனுப்பினா?" என்றுதான். மெர்ல் இதை எங்கள் ஊரின் எல்லாக் கல்யாண விருந்திலும் சொல்லிச் சிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். அவன் முன்பு வேலை பார்த்த மரக்கடை முதலாளி, அவனுடைய பாதிரியார், அவனுடைய பழைய காதலி என்று ஒவ்வொருவராகப் போய் விசாரித்துவிட்டுத்தான் அவள் சரி என்றாள். பழைய காதலி அவனைப் பற்றி நல்லவிதமாகவே சொன்னாள். அதுதான் வெர்னாவுக்குக் கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

முட்டை வாங்கினால் கடையிலேயே அட்டைப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் தராசில் மறுபடி நிறுப்பாள். மாதா கோவில் குலுக்கலில் அவளுக்கே முதல் பரிசாக ஒரு பன்றித்தொடை விழுந்தபோது, "எனக்கு ஏன் விழுந்துச்சு?" என்று பாதிரியாரையே குறுக்கு விசாரணை செய்தவள். கெட்டவள் இல்லை. பனிக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் வாசலையும் சேர்த்துப் பனி அள்ளிப்போடுவாள். ஆனால் அவர் அவள் வாசலை அள்ளிவிட்டால், எதற்கு அடிபோடுகிறார் என்று ஒரு வாரம் யோசிப்பாள்.

இதெல்லாம் ஒன்றுமில்லாமல் வந்ததில்லை. அவளுடைய அப்பா விர்ஜில், கென்டக்கி மலைப்பக்கத்திலிருந்து வேலை தேடி மிச்சிகனுக்கு வந்தவர். இங்கே கார் எஞ்சின் வார்க்கும் ஆலையில் புகையைத் தின்று குடும்பத்தை வளர்த்தார். வெர்னா பள்ளிப்படிப்பை முடிக்கிற வருஷம் அவருடைய ஃபோர்மன், "விர்ஜில், ரெண்டே வாரம் லீவு. மெஷினையெல்லாம் துடைச்சு எண்ணெய் போடப்போறாங்க. நீ பாட்டுக்கு மீன் பிடிக்கப் போ" என்றார். அப்பா மீன் பிடிக்கப் போனார். அந்த ஆலை பிறகு திறக்கவே இல்லை. அப்படிச் சொன்ன ஃபோர்மன் அதற்கு முந்தின மாதமே தன் வீட்டை விற்றிருந்தார். விற்பனைப் பலகை அவர் வாசலில் நின்றதைத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் மூக்கு வியர்க்கவில்லை.

அன்றைக்கு வெர்னா ஒரு முடிவுக்கு வந்தாள். விஷயம் தெரிந்தவன் வாயால் சொல்வதைக் கேட்கக் கூடாது. அவன் தன் சொந்தச் சாமானை என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். அப்பாவை அப்படி அழவைத்த ஊரில் வேறு என்ன முடிவுக்கு வருவாள்? எனக்கு அவள்மேல் கோபம் வருகிறபோதெல்லாம் நான் விர்ஜிலை நினைத்துக்கொள்வேன்.

ஊரில் மிச்சமிருந்த இன்னொரு ஆலையில், காரின் கதவுகளையும் கூரைகளையும் தகட்டிலிருந்து அடித்து எடுக்கும் ஆலையில், அவளும் சேர்ந்தாள். பிறகு டூல் ரூமுக்குப் போனாள். தகட்டுக்குக் கதவின் உருவத்தைக் கொடுக்கிற 'டை' என்னும் ராட்சத இரும்பு அச்சுகளைச் செதுக்கிச் சரிபண்ணுகிற இடம் அது. அங்கே கால் வைத்த முதல் பெண் அவள்தான். அவளுடைய கையுறைக்குள் கிரீஸ் தடவினார்கள், ஸ்டூலை ஒளித்துவைத்தார்கள், பாட்டுக்கட்டிப் பாடினார்கள். எல்டன் ஸ்டம்ப் என்ற ஒருத்தன் மட்டும் எதிலும் சேரவில்லை. பேசாமல் பக்கத்து மேஜையில் வேலை செய்தான். அதனாலேயே அவளுக்கு அவன்மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

ஆனாலும் நாளாவட்டத்தில் எல்டன் அவளுக்குச் சீட்டாட்டக் கூட்டாளி ஆகிவிட்டான். எங்கள் ஆலைகளில் சாப்பாட்டு மணி அடித்தால் யூக்கர் ஆட்டம்தான். இரண்டு பேர் ஒரு கட்சி. கூட்டாளியிடம் வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது. முகத்தையும் போடுகிற சீட்டையும் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கையில் வறுத்த பொலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச், மறு கையில் சீட்டு. அவர்கள் இருவரும் சேர்ந்தால் அவர்களை ஜெயிப்பது கஷ்டம். எல்டனின் முகத்தை உலகத்திலேயே நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் தான்தான் என்று வெர்னா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வந்தது அந்தக் கேடுகெட்ட குளிர்காலம். கார் வாங்க ஆளில்லை. கம்பெனிகளின் பெரிய தலைகள் தனித்தனி விமானத்தில் ஏறி வாஷிங்டனுக்குப் போய்க் கையேந்தினார்கள். அங்கே நாலு பேர் காறித்துப்பியதும், அடுத்த தடவை சமர்த்தாகக் காரில் போனார்கள். அரசாங்கம் பணம் கொடுத்தது. வங்கிக்காரர்களுக்கு மூட்டை மூட்டையாக அள்ளிக் கொடுத்தபோது, அங்கே தரை துடைக்கிறவனின் சம்பளம் அதிகமா என்று யாரும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். சம்பள உயர்வை விடு, ஈஸ்டர் திங்கள்கிழமை விடுமுறையையும் விடு என்றார்கள். விட்டோம். டி.வி.யில் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் எங்களைச் சோம்பேறிகள் என்றார்கள். அதையும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டோம்.

வசந்தம் வந்தபோது, எந்த ஆலை வாழும், எந்த ஆலை சாகும் என்று வாஷிங்டனில் ஒரு குழு உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அதில் பாதிப் பேருக்குச் சொந்தக் கார்கூட இல்லையாம் என்று டூல் ரூமில் ஒரு வதந்தி. மூடப்படும் ஆலைகளின் பெயரை ஜூன் மாத முதல் திங்கட்கிழமை வாசிப்பார்கள் என்பது மட்டும் உறுதியானது.

வெர்னாவுக்குக் கம்பெனி வேலையில் முப்பது வருஷம் முடிய இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. எங்கள் ஆட்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கல்யாண நாளை மறந்திருப்பார்கள். முப்பது முடிகிற நாளை மறக்கமாட்டார்கள். முப்பது முடித்தால் முழு ஓய்வூதியம், சாகும்வரை ஆஸ்பத்திரிச் செலவு. நடுவில் அறுந்தால் அரைகுறைதான். மெர்ல் வேலை பார்த்த கார் சீட்டுத் தைக்கும் கம்பெனி ஜனவரியிலேயே கதவைச் சாத்திவிட்டது. அவனுக்கு இதய ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான். அவன் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் வெர்னாவின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த டூல் ரூமிலோ அவளுக்குப் பிறகு யாரையும் சேர்க்கவே இல்லை. இத்தனை வருஷம் உழைத்தும் சீனியாரிட்டியில் அவள்தான் கடைக்குட்டி. ஒரு ஆளைக் குறைத்தால் முதலில் கழன்றுபோவது அவள்.

மே மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பக்கத்து மாநிலமான இந்தியானாவில் கம்பெனியின் இன்னொரு ஆலையில், டூல் ரூமுக்கு ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பலபேர் கேட்டால் சீனியாரிட்டியில் மேலே இருப்பவனுக்குத்தான். இடம் கிடைத்துவிட்டால் வருஷக் கணக்கு கூடவே வரும், ஆனால் இந்த ஆலையில் உரிமை போய்விடும். திரும்பி வர முடியாது. இரண்டு இடத்தில் துண்டு போட்டுவைத்து எவனும் ஏமாற்றக் கூடாது என்று யூனியன் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி அந்த விதியைக் கொண்டுவரச் செய்தவளே வெர்னாதான்.

அந்த வாரம் முழுக்க அவள் எல்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டை செய்கிறவனுக்குக் கருவிப்பெட்டி அவனுடைய சொந்தச் சொத்து. ஆள் உயரத்துக்கு, இழுப்பறை இழுப்பறையாக, சக்கரம் வைத்த பெட்டி. அது மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறவரைக்கும் அவன் இருப்பான். அது வீட்டுக்குப் போனால் அவனும் போகப்போகிறான். இது எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எல்டன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தினமும் மாலையில் ஒரு இழுப்பறைச் சாமானைப் பழைய துணியில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுபோனான். காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. வெர்னாவின் கண்ணுக்குத் தப்புமா?

இன்னும் இருந்தது. அவனுடைய மனைவியின் தம்பிக்கு ஆள் எடுக்கும் ஆபீசில் வேலை. புதன்கிழமை எல்டன் காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திங்கட்கிழமை அவன் மேஜையில் இருந்த காப்பிக் கோப்பையில் இந்தியானா நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒன்றின் பெயர் இருந்தது. சனி ஞாயிறில் இவனுக்கு அங்கே என்ன வேலை?

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் சீட்டைக் கலைத்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள்.

"ஏய்யா எல்டன், உன் மச்சான் ஏதாவது சொன்னானா?"

"எந்த மச்சான்?"

"உனக்கு என்ன ஒம்பது மச்சானா இருக்கான்? ஆபீஸ் மச்சான்தான். நம்ம ஆலை லிஸ்ட்ல இருக்கா, இல்லையா?"

"அவனுக்கு நாளைக்கு மத்தியானம் என்ன சாப்பாடுன்னே தெரியாது. லிஸ்ட்டு எங்க தெரியப்போகுது?"

"அப்ப உனக்கு என்ன தெரியும்?"

எல்டன் சீட்டை விரித்துப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு, மற்ற இரண்டு பேரும் காப்பி எடுக்க எழுந்து போனதும், குரலைத் தாழ்த்தி, "வெர்னா, நான் சொல்றதைக் கேளு. நீ எதுலயும் கையெழுத்துப் போடாதே. இருக்கற எடத்துல இரு" என்றான்.

"ஏன்?"

"இருன்னா இரேன்மா. எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேட்டா நான் என்ன செய்ய?"

அவளுக்கு அப்பாவின் ஃபோர்மன் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டே வாரம் லீவு, நீ பாட்டுக்கு மீன் பிடிக்கப் போ. அதே குரல், அதே அக்கறை. இந்தியானா இடத்தை இவன் குறிவைத்திருக்கிறான், எல்லோரும் கேட்டுப் பெரிய ரகளையாகிவிடக் கூடாது என்று ஆளாளுக்கு இப்படி ஓதுகிறான் என்று அவளுக்குப் பட்டது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து சீட்டாடிய மனுஷன் தன்னை மூழ்கும் படகில் உட்காரச் சொல்கிறானே என்று அவளுக்கு அழுகையே வந்தது. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள்.

வீட்டில் மெர்ல் சோளரொட்டியைப் பீன்ஸில் தோய்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏன் கண்ணு, நேராவே கேட்டுடேன். 'நீ இந்தியானாவுக்கு எழுதிக் குடுத்திருக்கியா'ன்னு."

"கேட்டா உண்மையச் சொல்லிடுவானா?"

"சொல்லலாம்ல?"

"நீ சும்மா இரு மெர்ல். உன்னை மாதிரி ஆளுங்களாலதான் எங்கப்பா மீன் பிடிக்கப் போனாரு."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். எல்டனும் கேட்டிருந்தால் அவனுக்குத்தான் போகும், தெரியும். ஆனாலும் அவன் முகத்துக்கு எதிரே, எனக்கும் கண் இருக்கிறது என்று காட்டியாவது விடலாமே. வேலை முடியும் முன்னே அவளைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாள்.

"வாழ்த்துக்கள். இந்தியானா இடம் உங்களுக்குத்தான்."

"எனக்கா? எனக்கு மேல இருக்கறவங்க?"

"யாருமே கேக்கலை. நீங்க ஒருத்தர்தான்."

"எல்டன் ஸ்டம்ப்?"

"அவர் பேரு இதுல இல்லையே."

வெர்னா வண்டி நிறுத்துமிடத்தில் வெகுநேரம் தன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். எல்டன் கேட்கவில்லை. அப்படியானால் அவன் கருவிகள் எங்கே போகின்றன? வேறு எவளாக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பாள். எங்கள் வெர்னாவுக்கோ அடுத்த சந்தேகம் வந்தது. டூல் ரூமில் இருக்கிற மற்ற இருபது பேரும் சொல்லிவைத்தாற்போல் ஏன் கேட்கவில்லை? சாகப்போவது இந்தியானா ஆலையோ? எல்லோருக்கும் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ? சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. உண்மையில் அவர்கள் கேட்காததற்குக் காரணம் சாதாரணமானது. எல்லோரும் முப்பதை முடித்தவர்கள் அல்லது முடிக்கப்போகிறவர்கள். இந்த வயதில் வீட்டை விட்டுவிட்டு எவன் ஊர் மாறுவான்?

திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கேண்டீனில் கூட்டி வைத்துப் பெயர்களை வாசித்தார்கள். சாகப்போகிற ஊர்களின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் ஊர் அதில் இல்லை. இந்தியானாவும் இல்லை. ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், தாடி வைத்த பெரிய பெரிய ஆண்கள் தேம்பினார்கள். அதன்பின் டூல் ரூம் ஆட்களைத் தனியே கூப்பிட்டு ஃபோர்மன் சொன்னார்.

"நம்ம ரூம்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. கவலைப்படாதீங்க, யாரையும் வெளிய தள்ள வேண்டியதில்லை. எல்டன் விருப்ப ஓய்வு வாங்கிட்டாரு. அந்தக் கணக்கு அதோட சரி."

எல்லோரும் கைதட்டினார்கள். எல்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னா கைதட்டவில்லை. குறைகிற அந்த ஒரு ஆள் அவளாக இருந்திருக்க வேண்டும். அவன் போனதால் அவள் தங்கியிருப்பாள், இதே மேஜையில், இதே ஊரில், முப்பது முடியும்வரை. அவள் நேரே ஆபீசுக்கு ஓடினாள்.

"நான் போட்டதைக் கிழிச்சிடுங்க."

"முடியாதுங்க. அந்தப் பக்கம் உங்க பேரு போயாச்சு. உங்க எடத்துக்கு, மூடப்போற ஆலையில இருந்து ஒருத்தரைக் கூப்பிடறாங்க. விதி அப்படி."

விதியைப் பற்றி வெர்னாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் வெளியே வந்தாள்.

அன்று மாலை எல்டன் வீட்டு வாசலில் அவன் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குப் பின்னால் அவன் மனைவி ஃபே தெரிந்தாள். எப்போதும் கை அசைக்கிறவள் அன்றைக்கு அசைக்கவில்லை.

"இந்தியானாவுக்குத்தானே போற?" என்றாள் வெர்னா, காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக.

"ஆமா. மக வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வீடு பாத்திருக்கு. முட்டி ரெண்டும் போயிருச்சு வெர்னா. இனிமே காங்கிரீட்ல நிக்க முடியாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லய்யா?"

"எதைச் சொல்ல? ரூம்ல ஒரு ஆளைக் குறைக்கப்போறாங்கன்னு புதன்கிழமை ஆபீஸ்ல சொன்னாங்க. ஆனா விருப்ப ஓய்வுக்குப் பொண்டாட்டி கையெழுத்து வேணும். இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்னு ஃபே என்கூடப் பேச்சையே நிறுத்திட்டா. நான் போறேன், உன் வேலை பத்திரம்னு உன்கிட்ட சொல்லிட்டு, கடைசில அவ மாட்டேன்னுட்டா? நீ அதை நம்பி உக்காந்திருந்தா? அதான் இருன்னு மட்டும் சொன்னேன்."

"எப்ப கையெழுத்துப் போட்டா?"

"வெள்ளிக்கிழமை காலைல. காப்பி குடிச்சிட்டிருந்தவ, ஒண்ணும் பேசாம பேனாவை எடுத்துப் போட்டா. நான் உன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீ என் முகத்தையே பாக்கல."

அது உண்மை. வெள்ளிக்கிழமை அவன் இரண்டு தடவை பக்கத்தில் வந்தான். இரண்டு தடவையும் அவள் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை ஓடவிட்டு அவன் பேச்சைக் கேட்காமல் செய்துவிட்டாள்.

"ஒரு தடவை என்கிட்ட வந்து, 'எல்டன், நீ அந்த வேலைக்குக் கேட்டிருக்கியா'ன்னு கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

வெர்னா யோசித்தாள். அவள் எத்தனையோ செய்வாள், பொய் சொல்லமாட்டாள்.

"நான் நம்பியிருக்க மாட்டேன்."

"தெரியும்" என்றான் எல்டன். கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். அவள் பிடித்துக்கொண்டாள். அவன் முடிச்சுப் போட்டான்.

வீட்டில் மெர்ல் அடுப்பை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தான். அவனுடைய டாக்டர், அவனுடைய தேவாலயம், அவன் உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஆறு எல்லாம் இந்த ஊரில்தான். அவன் இங்கேயே இருப்பது, அவள் அங்கே ஒரு வாடகை அறையில் தங்கி வெள்ளிக்கிழமைகளில் காரை ஓட்டிக்கொண்டு வருவது என்று ஞாயிற்றுக்கிழமையே பேசி முடித்திருந்தார்கள். இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு அவன் இரண்டு வருஷம் தனியாகத் தூங்கி எழ வேண்டும்.

"என்ன கண்ணு, முகம் இப்படி இருக்கு?" என்றான். "யாரு நம்மள ஏமாத்தினா? கம்பெனியா, வாஷிங்டன்காரனா, எல்டனா?"

வெர்னா காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும் ஏமாத்தல, மெர்ல்" என்றாள். அந்த வார்த்தையை அவள் ஆயுசில் அதற்கு முன்னால் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.